மழையில்லாமல் நிறைந்த குளம்

மூன்று நாளாக யூகோ அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து கடலை ஊர் மேல் தள்ளிக்கொண்டு வருகிற அந்தக் காற்று எழும்பிவிட்டால் லோக்வினாவில் ரொட்டி மாவு பொங்காது, துணி காயாது, புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தலைவலி வீட்டுக்கு வீடு விருந்தாளியாக வந்து உட்காரும். அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரும் பெண் கேட்டுப் போவதில்லை, படகுக்கு விலை பேசுவதில்லை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்றை 'யூகோவில் போட்ட கையெழுத்து' என்று சொன்னால் அது உருப்படாது என்று பொருள்.

நேவென்கா ஒரு தடவை போட்டிருக்கிறாள். இரண்டு வருஷம் ஆகிறது. காற்று திரும்பும்போதெல்லாம் அவள் புருஷன் ஸ்ரெச்கோ அதை ஞாபகப்படுத்தாமல் விடமாட்டான்.

"யூகோ வந்துருச்சு. வீட்டுல இருக்கிற பேனாவையெல்லாம் ஒளிச்சு வையி," என்றான் அன்று காலையும், மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு.

"வாயை மூடிட்டு நட. படி வழுக்குது."

மேட்டுத்தெருவிலிருந்து இறங்கும் அந்தக் கல்படிகளில்தான் இருவரும் அத்தனை வருஷமும் வேலைக்குப் போனார்கள். அவள் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டினாள். அவன் அங்கே கேன்டீனில் சமைத்தான். ஆயிரத்து இருநூறு பேர் சாப்பிட்ட கேன்டீன். தளத்தை மூடி வேலி போட்டபிறகு ஒன்பது வருஷம் அதற்குள் பூனைகள்தான் குடியிருந்தன. அப்புறம் ஒரு கம்பெனி வந்தது. பட்டறைகளை இடித்தது, லாரி லாரியாக நல்ல மண் கொண்டுவந்து கொட்டியது, தொண்ணூற்றாறு வீடு கட்டியது, 'பசுந்தளம்' என்று பெயர் வைத்தது. கூரையில் புல். கூரைக்கு மேல் வெயிலில் மின்சாரம் எடுக்கும் பலகைகள். கார் உள்ளே வரக்கூடாது, சைக்கிள் வரலாம். ஒரு சொட்டு மழைகூட வீண்போகாது என்று விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் மழைநீருக்கு ஒரு குளம், குளத்தைச் சுற்றி வீட்டுக்கு ஒரு காய்கறிப் பாத்தி. பழைய கிரேன்களில் ஒன்றை மட்டும் அடையாளத்துக்கு விட்டுவைத்து இளம்பச்சை அடித்திருந்தார்கள். அது நேவென்கா ஓட்டிய கிரேன். கப்பலின் சாம்பல் நிறத்தில் கம்பீரமாக நின்றதைப் பொம்மைக்கடைச் சாமான் ஆக்கிவிட்டார்களே என்று அவள் ஒரு மூச்சு திட்டித்தீர்த்தாள்.

அதன் மணியையும் கழற்றிக் கஃபே வாசலில் அழகுக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். சுமையைத் தூக்குமுன் அந்த மணியை விட்டுவிட்டு மூன்று தடவை அடிக்கவேண்டும். மூன்றாவது அடி விழுவதற்குள் கீழே நிற்கிறவர்கள் விலகியாக வேண்டும். விலகாதவனுக்கு அன்றைய சம்பளம் கிடையாது. இப்போது பிள்ளைகள் இழுத்து விளையாடுகிறார்கள் என்று அதன் கயிற்றைச் சுருட்டி எட்டாத உயரத்தில் கட்டியிருந்தது.

குளத்தங்கரையில் நேவென்கா நின்றாள்.

"நிறைஞ்சிருக்கு பாரு."

"நல்லதுதானே. கீரைக்குத் தண்ணி மொண்டு ஊத்தலாம்," என்றான் ஸ்ரெச்கோ.

"மழை பெஞ்சு பதினெட்டு நாளாச்சு ஸ்ரெச்கோ. கடல் ஏறுனதுல கீழேருந்து ஊறுது."

அவன் கவனிக்கவில்லை. தன் பாத்தியில் குந்தி உட்கார்ந்து ப்ளித்வாக் கீரையின் அகன்ற இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நத்தை தேடினான். பாத்தி உண்மையில் நேவென்காவின் தங்கை திஹானா வீட்டுக்கு வந்தது. மண்ணைத் தொட அவளுக்கு நேரமில்லாததால் அத்தான் எடுத்துக்கொண்டான். கேன்டீன் போனபிறகு, இரண்டு வருஷம் முன்பு ஆஸ்பத்திரியில் படுத்த காய்ச்சலில் மூக்கின் மணமும் நாக்கின் ருசியும் போனபிறகு, அவனுக்கென்று மிஞ்சியது இந்த ஆறடிப் பாத்திதான். சமைக்கும்போது ஒவ்வொரு தடவையும் கரண்டியை நேவென்காவிடம் நீட்டி, "உப்பு பாரு" என்பான். முப்பது வருஷம் ஊருக்கே உப்பு போட்ட கை அது.

அவனுக்கு மணம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. காற்று ஒரு கணம் ஓய்ந்தபோது தண்ணீர் மேலிருந்து மெல்லிசாக, கொஞ்சம் இனிப்பாக, மூக்கின் அடியில் குத்துகிற ஒரு வாசனை வந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்த மாதிரி. அவள் அதை அறிவாள். இருபத்தோரு வயதில் இரண்டு நாள் முழுக்க அதை மூச்சாக இழுத்திருக்கிறாள்.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். தலைநகரிலிருந்து பரிசோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று தளமே அல்லோலகல்லோலப்பட்டது. பெயிண்ட் பட்டறைக்குப் பின்னால் டிரம் டிரம்மாகக் கிடந்ததை எங்கே ஒளிப்பது? கப்பலின் அடிவயிற்றில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசுகிற சிவப்புப் பெயிண்டின் மிச்சம் அது. ஒட்டுகிற உயிரைக் கொல்வதுதான் அந்தப் பெயிண்டின் வேலை. பழைய கப்பல் இறக்குதளத்தின் பள்ளம் ஒன்று சும்மா கிடந்தது. ஃபோர்மன் கைகாட்டினார், தண்டவாளம் முடிகிற முனையில் கிரேனை நிறுத்தி நேவென்கா இறக்கினாள். எண்ணிக்கொண்டே இறக்கினாள், கிரேன்காரர்களுக்கு எண்ணாமல் இருக்க வராது. நூற்று முப்பத்தாறு. அதன்மேல் கப்பலின் துருவைச் சுரண்டப் பயன்பட்ட கருமணலைக் கொட்டி மூடினார்கள். ஃபோர்மன் செத்துப்போனார். கீழே கொக்கி மாட்டியவர்கள் இரண்டு பேரும் ஐம்பது வயதைத் தாண்டவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரியானா என்ற பெண் பொறியாளர் கேக் பெட்டியோடு வீடு வீடாக வந்து "எங்காவது எதையாவது புதைத்தீர்களா?" என்று கேட்டபோது, ஊரில் பத்துப் பேர் பத்து இடம் சொன்னார்கள். நேவென்கா மட்டும், "என்னை மேல ஏத்து, காட்டுறேன்" என்றாள். கட்டடங்கள் எல்லாம் போய், மண் உயர்ந்து, தரையில் நின்றால் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மேலே கூண்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் கணக்கு எளிது. கிரேனின் கையைக் கோயில் மணிக்கூண்டுக்கு நேராகத் திருப்பு, கொக்கியைக் கடைசிவரை ஓட்டு, அது தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே பள்ளம். அன்றைக்கும் யூகோ. உப்பு மூட்டத்தில் மணிக்கூண்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. அது போதும் என்றாள் அவள். அந்த இடத்தில் ஐந்து குழி தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. சுத்தம். பழைய ஆட்களே எடுத்துக் கொண்டுபோயிருக்கலாம் என்று ஒரியானா சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். தளத்தில் வேலை பார்த்தவரின் நேரடி வாக்குமூலம் என்று ஒரு காகிதம். ஸ்ரெச்கோ கீழேயிருந்து, "இன்னைக்கு வேணாம்டி, காத்து திரும்பட்டும்" என்று கத்தினான். நேவென்கா சிரித்துக்கொண்டே போட்டாள்.

பெருமையாக இருந்தது அவளுக்கு. ஒன்பது வருஷம் கழித்து ஒருவர் வந்து அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சுத்தம் என்ற ஒரு சொல்லை நம்பித்தான் திஹானா தரைத்தள வீட்டை வாங்கினாள். அம்மா விட்டுப்போன ஒலிவத் தோப்பை விற்று வாங்கினாள். நேவென்கா தன் பாதியையும் சேர்த்துக் கொடுத்தாள். திஹானாவுக்கு எட்டு வயதில் அம்மா போனதிலிருந்து அவளுக்குச் சடை போட்டதும் செருப்பு வாங்கியதும் நேவென்காதான். கொடுக்காமல் என்ன செய்வாள்?

"பெரியம்மா!" என்று வாசலிலிருந்து ஓடிவந்தாள் திஹானாவின் மகள் மீர்னா. நாலு வயது. குளத்தில் விடுவதற்குக் கையில் ஒரு நெட்டிப்படகு. விரல்களுக்கிடையில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"கையைக் காட்டு. இது என்ன?"

"அரிக்குது."

"எப்போலேருந்து?"

"அரிக்கிறதுலேருந்து," என்றாள் மீர்னா.

நேவென்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். படகை விடவேண்டும் என்று குழந்தை திமிறி அழுதது. அவள் இறக்கிவிடவில்லை.

கிரேனின் காலடியில் வின்கோ சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். முன்பு தண்டவாளம் பார்த்தவன், இப்போது பசுந்தளத்தில் காவல் காப்பதும் கூட்டிப் பெருக்குவதும் அவன் வேலை.

"ஓடாத கிரேனுக்கு எதுக்குடா கிரீஸு?" என்று கேட்டாள் நேவென்கா. மனசை வேறு பக்கம் திருப்பத்தான் கேட்டாள்.

"துருப்பிடிச்சா படத்துல நல்லா இருக்காதாம். இவளுக்குச் சேவகம் பண்ணியே என் இடுப்பு போச்சு. நகத்துனப்ப போட்டாளே ஒரு கத்து! ரெண்டு நாள் ஊரே காதைப் பொத்திக்கிச்சு. நீ கேக்கலயா?"

"எதை நகத்துனப்ப?"

"இவளைத்தான். அட, நீ அப்ப ஊர்ல இல்லல்ல? ஸ்ரெச்கோ ஆஸ்பத்திரில கெடந்தானே, அந்த மாசம். இவ இங்கயா நின்னா? அந்தா, கிழக்க, தண்டவாளம் முடியுற எடத்துல. வரப்போற கஃபே சன்னலுக்கு நேரா கடலை மறைக்கும்னு கஃபேக்காரன் சொல்ல, இழு இழுன்னு இழுத்தோம். நாப்பத்திரண்டு எட்டு. நான்தான் எண்ணுனேன்."

நேவென்கா குழந்தையை இறக்கிவிட்டாள்.

"நான் மேல ஏறுனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எங்க ஏறுன?"

"ஒரியானா என்னை ஏத்துனாளே வின்கோ. எடம் காட்ட."

வின்கோ யோசித்தான். கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தான். "முன்னாடிதான். மூணு வாரம் இருக்கும். ஏன், உனக்குத் தெரியாதா?"

கிரேன்காரி மேலே ஏறினால் கிரேனைப் பார்ப்பதில்லை. கிரேனிலிருந்து உலகத்தைப் பார்க்கிறாள். தன் காலுக்கடியில் இருப்பது நகர்ந்திருக்கும் என்று எவளுக்குத் தோன்றும்? அந்தச் சக்கரங்கள் துருவேறி இறுகிவிட்டன, இனி இந்தக் கிரேன் சாகும்வரை இதே இடம்தான் என்று அவள்தான் கடைசி வேலைநாளில் எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தது, வின்கோ மேல், கஃபேக்காரன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

அன்றைக்கு அவள் காட்டிய இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டகை இருந்தது. கிரேன் நாற்பத்திரண்டு எட்டு மேற்கே வந்திருந்தால் பள்ளம் அங்கிருந்து அத்தனை எட்டு கிழக்கே; தண்டவாளத்துக்கு இணையாக எண்ணிக்கொண்டே நடந்தாள். மீர்னா பின்னால் நடந்து தானும் எண்ணினாள். பத்துக்குப் பிறகு அவளுக்கு எண் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து. முப்பத்தெட்டாவது எட்டில் நேவென்காவின் கால் குளத்தின் கரையை மிதித்தது. நாற்பத்திரண்டாவது எட்டில் ஸ்ரெச்கோ தலைநிமிர்ந்து பார்த்தான்.

"ஏய், கீரையை மிதிக்காதே. கண்ணு தெரியலயா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஒரியானாவின் அலுவலகத்துக்குப் போனாள். ஒரியானா கெட்டவள் இல்லை. காபி கொடுத்தாள், முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள், கேட்கக் கேட்க அவள் காபி ஆறிப்போனது.

"நேவென்காம்மா, அந்தக் கோப்பு மூடியாச்சு. உங்க கையெழுத்தை வச்சுத்தான் மூடினோம்."

"தெரியும். அது தப்புன்னுதான் சொல்ல வந்திருக்கேன்."

"அப்போ நிச்சயம்னு சொன்னீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் காட்டுவேன்னு சொன்னீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. இப்போ இதுதான் நிச்சயம்னு சொல்றீங்க. மேல இருக்கறவங்க என்னை என்ன கேப்பாங்க? அந்தம்மாவை எந்த நாள்ல நம்பறதுன்னு கேப்பாங்க."

"கிரேனை நகத்துனது நீங்கதானே? எங்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க கையெழுத்துப் போட்டப்போ நான் வேலைக்கு வந்து பத்து நாள்தான். எனக்கே தெரியாது." அவள் குரல் தாழ்ந்தது. "சரி, குளத்துத் தண்ணியைச் சோதனைக்கு எழுதறேன். ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு யார்கிட்டயும் பேசாதீங்க. குழந்தை குட்டியோட இருக்கறவங்க, பயந்துடுவாங்க."

"பயப்படட்டுமே!"

"உங்க தங்கையும் அங்கதான் இருக்காங்க," என்றாள் ஒரியானா. மிரட்டலாகச் சொல்லவில்லை. நேவென்கா காபியைக் குடிக்காமல் எழுந்தாள்.

திஹானாவின் வீட்டில் சாயந்தரம் சன்னல்களெல்லாம் மூடியிருந்தன. பாசி நாற்றம் என்று பக்கத்து வீடுகளிலும் மூடியிருந்தார்கள். அவள் புருஷன் டாமிர் சரக்குக் கப்பலில் எங்கோ வளைகுடாவில் இருந்தான். நான்கு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். திஹானா மீர்னாவின் விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

"நாப்பத்திரண்டு எட்டுன்னு வின்கோ சொன்னானா? குடிச்சிருந்தா அவனுக்கு நாப்பத்திரண்டும் தெரியாது, நாலும் தெரியாது."

"காலைல ஒன்பது மணி. குடிக்கல."

"அக்கா, யூகோ அடிக்குது. உனக்குத் தலைவலி. போய்ப் படு."

"இவ கையப் பாருடி."

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. சோப்பு ஒத்துக்கலயாம்."

"வீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு டாக்டர் கேட்டாரா?"

திஹானா களிம்பின் மூடியைத் திருகினாள். திருகி முடிந்தபிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். "சரி. நீ சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். அப்பறம் நான் எங்க போவேன்? தோப்பு போச்சு. இந்த வீட்டை எவன் வாங்குவான்? தொண்ணூத்தாறு வீட்டுக்காரங்களும் யாரைப் பாப்பாங்க? ஒரியானாவையா? என்னைப் பாப்பாங்க. இவ அக்காதான் எடத்தைக் காட்டுனா, இவ அக்காதான் இப்ப இல்லங்கறா. மாடிப்படியில எனக்கு எவளாவது குட்மார்னிங் சொல்லுவாளா?"

"எங்க வீட்டுக்கு வந்துரு. மேட்டுத்தெருவுக்கு."

"ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. டாமிர் வந்தா எங்க படுப்பான், அடுப்பு மேலயா?"

"இவ வெளையாடுற தண்ணிடி அது! ஒட்டுற உயிரைக் கொல்றதுக்குன்னே காச்சுன பெயிண்டு. நான் எறக்குனேன், என் கையால எறக்குனேன்."

"கத்தாத. சுவர் மெல்லிசு."

மீர்னா களிம்பு பூசிய விரல்களை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காரப் பழகிவிட்டது அந்தப் பிள்ளை என்பதை நேவென்கா அப்போதுதான் கவனித்தாள்.

"ஞாயித்துக்கிழமை விருந்து இருக்கு," என்றாள் திஹானா கடைசியில். "குடிவந்து ஒரு வருஷம். எல்லாரும் வருவாங்க. அத்தான்தான் சமைக்கிறாரு, அவரு மூஞ்சியில சிரிப்பைப் பாத்து எவ்வளவு நாளாச்சு. அது முடியட்டும். திங்கக்கிழமை டாமிர் போன் பண்ணுவான், பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் எனக்காகப் பொறு அக்கா. உங்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

அது பொய். எட்டு வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், எல்லாம் கிடைத்திருக்கிறது. இதையும் நேவென்கா கொடுத்தாள். குழந்தையைக் குளத்துப் பக்கம் விடுவதில்லை என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு படியேறினாள்.

ஸ்ரெச்கோவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தக் கீரையைப் பற்றி எப்படிச் சொல்வது? விருந்துக்குச் சந்தைக் கீரை வாங்கு, உன் பாத்தியில் நத்தை அரித்திருக்கிறது, ஊர் சிரிக்கும் என்றாள். அவன் ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சந்தைக் கீரையே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமையும் காற்று திரும்பவில்லை. வானம் தகரம் மாதிரி தாழ்ந்து நின்றது. குளத்தங்கரையில் நீள மேசைகள் போட்டு, பறக்காமலிருக்க விரிப்பின் மூலைகளில் கல் வைத்திருந்தார்கள். விடியற்காலையிலிருந்து ஸ்ரெச்கோ கேன்டீன் அண்டா இரண்டை வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்தான். ஒன்றில் விலாங்கும் தேள்மீனும் போட்ட குழம்பு, கூட சோளக்களி. இன்னொன்றில் உருளைக்கிழங்கோடு மசித்த கீரை, பூண்டும் ஒலிவ எண்ணெயும் மேலே ஊற்றி. நேவென்கா வரும்போது பரிமாற ஆரம்பித்துவிட்டான். தளத்துப் பழைய ஆட்கள் நாலைந்து பேர் ஓர் ஓரமாக, புது ஆட்கள் பிள்ளைகளோடு மற்ற இடமெல்லாம். ஒரியானாவும் வந்திருந்தாள்.

"வா வா. உப்பு பாரு," என்று கரண்டியை நீட்டினான் ஸ்ரெச்கோ. "நீ வரலன்னதும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டேன்."

அவள் கரண்டியைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பாத்தி மொட்டையாக இருந்தது. தரையோடு தரையாக அறுத்திருந்தான்.

"சந்தைக் கீரைன்னியே?"

"சந்தையில கெடக்குறதெல்லாம் நூலு நூலா நாருடி. என் கீரையைப் பாத்துட்டு அதை எவன் வாங்குவான்? ஒரு நத்தை இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல! நீதான் பொய் சொன்ன."

நத்தை இல்லை. இந்தக் கடலோரத்தில் நத்தை இல்லாத கீரைப் பாத்தி உண்டா? நேவென்கா மேசைகளைப் பார்த்தாள். தட்டுத்தட்டாகப் பச்சை போய்க்கொண்டிருந்தது. மீர்னா மடியில் துண்டு விரித்து ஸ்பூனைப் பிடித்திருந்தாள்.

"சாப்பிடாதீங்க!" என்றாள். "கீரையைச் சாப்பிடாதீங்க. கீழ மண்ணுல…"

"நேவென்காவுக்கு யூகோ பிடிச்சிருச்சு," என்றான் பழைய ஆட்களில் ஒருவன். சிரிப்பு எழுந்தது. "வருஷம் முப்பது உன் புருஷன் சமையலைத் தின்னும் நாங்க சாகல. இன்னைக்கா சாகப்போறோம்?" இன்னும் பெரிய சிரிப்பு. ஸ்ரெச்கோவும் சிரித்தான். ஒரியானா மட்டும் எழுந்து, "நேவென்காம்மா, ஒரு நிமிஷம், இப்படி வாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

நேவென்கா பாத்தியில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். குளத்துக்காக வெட்டித் தாழ்த்திய ஓரத்தில், நாற்பத்திரண்டாவது எட்டு விழுந்த இடத்தில் இறக்கினாள். இரண்டு சாண் நல்ல மண். அதற்குக் கீழே மண்ணும் மணலும் கலக்காமலிருக்க விரித்திருந்த துணியை வெட்டு நார்நாராகக் கிழித்தது. பிறகு கருமணல். தளம் முழுக்கக் கிடந்த மணல்தானே என்று கட்டியவர்கள் பொருட்படுத்தாமல் விட்ட மணல். அவள் வெட்டிக்கொண்டே போனாள். ஐம்பத்தேழு வயதில் அத்தனை வேகம் அவளுக்கே ஆச்சரியம். யாரோ தன் போனை எடுத்துப் படம் பிடித்தார். முழங்கால் ஆழத்தில் குழிக்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. முதலில் கலங்கலாக. அப்புறம் சிவப்பாக. மேலே எண்ணெய் வண்ணவண்ணமாகப் படர, நகப்பூச்சு வாசனை குப்பென்று எழுந்து முதல் மேசைவரை போயிற்று.

சிரிப்பு நின்றுவிட்டது.

திஹானா எழுந்து வந்தாள். குழியைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை நேவென்காவின் கையிலிருந்து வாங்கி, தோண்டிய மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளினாள். முதலில் கருமணல், பிறகு நல்ல மண். காலால் மிதித்துச் சமப்படுத்தினாள்.

"திஹானா," என்றாள் நேவென்கா.

"ஒண்ணுமில்ல," என்று தங்கை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பழைய குழாய்த் துரு. அக்காவோட மோதிரம் இங்க விழுந்துருச்சு, அதைத்தான் தேடுனா. நீங்க சாப்பிடுங்க."

நேவென்காவின் விரலில் மோதிரம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது. தங்கையை வளர்த்த கை அது. இவளுக்காகவா, என்று இருந்தது; இவளுக்காகத்தானே எல்லாம், என்றும் இருந்தது.

திஹானா கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, யாரும் கவனிக்கக்கூடாது என்பதுபோல, மீர்னாவின் முன்னாலிருந்த தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, மேசைக்கடியில் தரையில் வைத்தாள். குழந்தையின் கையில் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மூன்றாம் மாடிப் பெண் அதைப் பார்த்தாள். தன் மகனின் தட்டைப் பார்த்தாள். அவன் வாயருகே போன ஸ்பூனைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. அப்புறம் அடுத்த மேசையில் ஒருவர். காற்றில் விரிப்புகள் படபடக்க, பச்சை நிறைந்த தட்டுகள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளிடமிருந்து விலகிப்போயின.

அண்டாவுக்குப் பின்னால் ஸ்ரெச்கோ கரண்டியோடு நின்றான். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்வையை ஓட்டினான். கரண்டியை மூக்கருகே கொண்டுபோனான், நாக்கில் வைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான். "உப்பு கூடிப்போச்சா? நேவென்கா, சொல்லேன்டி. உப்பா?"

அவள் அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கி அண்டாவின் மேல் குறுக்கே வைத்தாள். அவன் வேர்த்த கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். பிறகு கஃபே வாசலுக்கு நடந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுருட்டிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். திஹானா எழுந்து நின்று, "அக்கா, வேணாம்" என்றாள். மீர்னாவை அதற்குள் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.

நேவென்கா ஒரு தடவை அடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு தடவை.

மூன்றாவது அடி விழுவதற்குள் வின்கோ தட்டைப் போட்டுவிட்டு எழுந்து குளத்தங்கரையிலிருந்து விலகியிருந்தான். அவனோடு பழைய ஆட்கள் எல்லோரும். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. புதியவர்கள் அவர்களைப் பார்த்தார்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்தார்கள், நாற்காலிகளைப் பின்னால் தள்ளினார்கள்.